ஒப்பீட்டு மண்

ஜூலை 14, ஞாயிறு

அண்ணியின் கடுகு டப்பாவை இன்று காலி செய்தேன். கடுகைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றினால், எரிச்சல் தாங்காமல் மண்புழுக்கள் மேலே ஏறி வரும். மண்வெட்டி போட்டால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். எல்லாரும் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் வயதில் நான் முனைவர் பட்டத்துக்குப் புழு பிடிக்கிறேன்.

"ஏங் கண்ணு, ரசத்துக்குத் தாளிக்க நாலு கடுகாவது வெச்சியா?" என்று சமையலறையிலிருந்து அண்ணி கத்தினார்.

"புழுக்களும் உங்க ரசம் சாப்பிடணும்னு ஆசைப்படுது அண்ணி."

ஆற்றோரத்தில் ஐந்து வயல்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். சாக்கடையும் பட்டறைக் கழிவும் பாய்ந்து கறுத்துப்போன மண். மண்புழு மண்ணைத் தின்றே வாழ்கிறது, மண்ணில் இருக்கும் ஈயமும் காட்மியமும் அதன் உடம்பில் சேர்ந்துகொள்ளும். புழுவை அளந்தால் நிலத்தின் வண்டவாளம் தெரியும். ஆனால் அழுக்கு மண் எவ்வளவு அழுக்கு என்று சொல்ல, பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சுத்தமான மண் வேண்டும். அதற்குப் பெயர் ஒப்பீட்டு மண். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அண்ணி போட்டிருக்கும் கீரைப்பாத்தியைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தேன். உரம் கிடையாது, மருந்து கிடையாது, சாக்கடை எட்டிப் பார்த்ததில்லை. புழுக்கள் ஒவ்வொன்றும் விரல் தடிமன். "சேலத்துல இதைவிடச் சுத்தமான மண் கிடைக்காது சார்" என்று என் வழிகாட்டி எட்வின் சாரிடம் பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னேன்.

பிடித்த புழுக்களை ஈரத்தாள் விரித்த டிபன் டப்பாவில் போட்டிருக்கிறேன். வயிற்றிலுள்ள மண்ணைக் கழித்த பிறகுதான் உடம்பில் உள்ளதை அளக்க முடியும். அந்த டப்பாவை இனிமேல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அண்ணி உத்தரவு.

ஜூலை 21, ஞாயிறு

அண்ணிக்கு இடுப்பு வலி, தொடை வலி, இப்போது விலாவிலும் வலி. ஆடி ஆடி நடக்கிறார். "வாத்து வருது, வழி விடுங்க" என்று அண்ணன் கேலி செய்ய, நானும் சிரித்தேன்.

"எலும்பெல்லாம் உளையுது கோதை. படுத்தாலும் வலிக்குது, எந்திரிச்சாலும் வலிக்குது."

"மாதவிலக்கு நின்னா அப்படித்தான் அண்ணி. சுண்ணாம்புச் சத்து வேணும். தினமும் கீரை சாப்பிடுங்க. ஒரு நாள் விடாம."

கல்லூரியில் நான் பாடம் நடத்தும் மாணவிகளுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலமே தண்டுக்கீரை கடைந்து ஒரு கிண்ணம் நிறையத் தின்று, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

மாதிரிகளைக் காய வைத்து, பொடித்து, நஸ்ரினுக்கு அனுப்பியாகிவிட்டது. நஸ்ரின் என்னோடு எம்.எஸ்சி. படித்தவள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் உலோகம் அளக்கும் கருவி அவள் பொறுப்பில் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், இரண்டு மூன்று வாரமாகும் என்கிறாள்.

வீட்டின் முன்பக்கம்தான் அண்ணனின் கொலுசுப் பட்டறை. அண்ணன் அர்த்தநாரி பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வெள்ளிக் கம்பி இழுக்கப் போனவர். அந்த ஊதுகுழலில்தான் என் பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் முடிந்தன. அண்ணி வசந்தாமணி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பற்றவைக்க உட்கார்ந்தவர். சலங்கைக்கும் கம்பிக்கும் ஒட்டு வைத்து, தீயை ஊதி உருக்கும் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் கை வலிக்கிறது என்று நிறுத்தினார். இப்போது நான்கு பெண்கள் அந்த வேலைக்கு வருகிறார்கள்.

இன்று செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த வியாபாரியிடம் அண்ணன் என்னைக் காட்டி, "எந் தங்கச்சி. டாக்டராவப் போறா. ஊசி போடாத டாக்டரு" என்றார். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கல்லூரியிலிருந்து கிளம்பும்போது நஸ்ரின் கூப்பிட்டாள்.

"ஏண்டி, லேபிளை மாத்தி ஒட்டிட்டியா? ஒப்பீட்டு மண்ணுன்னு எழுதியிருக்கிறதுலதான் காட்மியம் எகிறுது. உன் ஆத்தோர வயலெல்லாம் அதுக்குப் பக்கத்துலயே வரல."

மாற்றித்தான் ஒட்டியிருப்பேன். வேறு வழியே இல்லை. அன்று மழை, அவசரம். இவ்வளவு வருஷம் வேலை பார்த்தும் ஒரு லேபிள் ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அரைக்கீரை மசியல். வரும் வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டதால் பசியில்லை. ஒரு டம்ளர் மோர் குடித்துப் படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

லேபிள் சரியாகத்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினாள். என் கையெழுத்துதான்.

அப்படியானால் டப்பாதான் காரணம். பட்டறைப் பக்கம் கிடந்த பழைய டப்பாவாக இருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

புதிதாகக் கண்ணாடி ஜாடிகள் வாங்கி, இரண்டு முறை கழுவி, திரும்பவும் எடுத்தேன். பாத்தியின் இந்தக் கோடியில், நடுவில், சுவரோரத்தில் என்று மூன்று இடங்கள். அண்ணி கேட்காமலேயே கடுகு பொடித்து வைத்திருந்தார். வலியோடு அம்மியில் உட்கார்ந்து பொடித்திருக்கிறார். மிக்ஸியில் போட்டால் காரம் போய்விடுமாம்.

"போன தடவ நல்லா வரலியா கண்ணு?"

"ஒரு தடவை பார்த்தது போதாது அண்ணி. ரெண்டு தடவை பார்த்தாத்தான் கணக்கு."

மத்தியானம் சிறுகீரைப் பொரியல். வயிறு மந்தமாக இருந்தது, தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

எட்வின் சார் நஸ்ரின் அனுப்பிய முடிவுக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒப்பீடு சரியில்லன்னா ஒப்பீட்டை மாத்திக்கலாம்மா. ஆத்தூர்ல என் மச்சானோட தென்னந்தோப்பு இருக்கு, அங்க எடுத்துக்குங்க. தீசிஸ் குடுக்க வேண்டிய டிசம்பர் பக்கத்துல வந்துருச்சு, பாருங்க."

"வீட்டு மண்ணு சார். அதுல கீரை வளருது."

"உறுதியாகாம யார்கிட்டயும் பேசாதீங்க. சும்மா பீதி கிளப்பக் கூடாது."

அவர் சொல்வது சரி. அறிவியலில் ஒருமுறை வந்தது விடை ஆகாது. இரண்டாவது முடிவு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

அண்ணி இன்று கீரையில் பூண்டு தட்டிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்திருந்தார். "உனக்குன்னுதான் செஞ்சேன், ஒரு வாய் எடுத்துக்க" என்றார். கல்லூரியில் டீ அதிகமாகிவிட்டது என்றேன். கொண்டுவந்திருந்த முட்டைக்கோஸை எடுத்துக் கொடுத்தேன்.

"வீட்ல கீர கொட்டிக் கெடக்கு. காசு குடுத்து கோசு வாங்கியாறா பாரு, படிச்சவ!"

"மாத்தி மாத்திச் சாப்பிடணும் அண்ணி. இனிமே கொஞ்ச நாள் கோசு வைங்களேன்."

"நீதான தெனமும் கீர திங்கச் சொன்ன?"

ஆமாம் என்றேன்.

எதிர்வீட்டுக்கும் ஒரு கட்டு கீரை போயிருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணியால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணனும் நானும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். தூக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டார். அண்ணி அலறி நான் கேட்டதில்லை. பற்றவைக்கும்போது சூடு பட்டால்கூட உதட்டைக் கடித்துக்கொள்பவர்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். விலா எலும்பில் கீறல் விட்டிருக்கிறது.

"எங்க விழுந்தீங்க?"

"விழவே இல்லைங்க டாக்டரு. பாத்திரம் வெளக்கறப்ப இருமுனேன், அவ்வளவுதான்."

எலும்பு பஞ்சாகிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். பால், முட்டை, கீரை நிறையச் சாப்பிடச் சொன்னார். "அதெல்லாம் எங்க கோத முன்னாடியே சொல்லிருச்சுங்க" என்று அண்ணி என்னைப் பார்த்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இரண்டாவது முடிவு வந்துவிட்டது. அதே கதைதான். சுவரோரத்தில் இன்னும் அதிகம்.

"கீரையும் மோசம்டி" என்றாள் நஸ்ரின். "இலையில நல்லா ஏறியிருக்கு. நீ எதுக்குக் கீரையை அனுப்பின? உன் தலைப்புலயே இல்லியே அது."

ஆகஸ்ட் 25 அன்று புழுவோடு கீரையும் ஒரு பிடி பறித்து உறையில் போட்டேன். அதை இங்கே எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போதும் எழுத முடியவில்லை.

காட்மியத்தால் மண்புழு சுலபத்தில் சாகாது. உள்ளே போனதை ஒரு புரதத்தோடு கட்டிப் போட்டுவிட்டு, கொழுத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம் இது. அப்படியிருக்க, புழு கொழுத்திருக்கிறது, மண் பொன் என்று எப்படிச் சொன்னேன்? என் வீடு என்பதால் சொன்னேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்த் தொட்டியில்.

எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஒட்டு சீக்கிரம் உருக வேண்டும் என்று வெள்ளியோடு காட்மியம் கலக்கிறார்கள். ஆயுத பூஜையன்று பட்டறையை மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, அந்த மண்ணை அண்ணன் பேசினில் போட்டுக் கழுவுவார். அடியில் வெள்ளித் துகள் தங்கும். மிஞ்சும் கறுப்புச் சேற்றைத் தெருவில் கொட்ட மாட்டார். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பலரும் கொட்ட மாட்டார்கள். வெள்ளி தங்கிய மண் லட்சுமி, லட்சுமியை வெளியே தள்ளினால் வீடு விளங்காது. வீட்டுச் செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும். நானே எத்தனையோ பூஜைக்கு அந்தப் பேசினின் மறுபக்கக் காதைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அண்ணி எழுந்திருப்பதற்குள் பாத்தியில் இருந்த கீரை முழுவதையும் பிடுங்கிப் போட்டேன். பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அண்ணி பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெறும் பாத்தியைப் பார்த்தார். ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை.

எதிர்வீட்டுக்கும் போய், பூச்சிமருந்து அடித்திருக்கிறோம், இருக்கிற கட்டைச் சமைக்காதீர்கள் என்றேன். போன வாரத்துக் கட்டு எப்போதோ தீர்ந்துவிட்டதாம்.

அக்டோபர் 7, திங்கள்

அண்ணியைச் சிறுநீரக டாக்டரிடம் அழைத்துப் போனேன். சும்மா ஒரு சோதனை என்று சொல்லி வைத்திருந்தேன். சிறுநீரில் புரதம் போகிறது. சர்க்கரை வியாதியும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. அண்ணியை வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் பட்டறை, கீரை, காட்மியம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இருக்கலாம்மா. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், ரத்தத்துல அளந்து பாருங்க. உடம்புல ஏறினது லேசுல எறங்காது. இன்னும் ஏறாமப் பாத்துக்கறதுதான் வைத்தியம்." பிறகு, "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

இப்போதுதான் என்றேன்.

வழியில் அண்ணி எனக்குப் பிடிக்குமென்று தட்டுவடை செட் வாங்கித் தந்தார்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே பட்டறையைக் கழுவிவிட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் அண்ணன். கம்பி இழுக்கும் மிஷினுக்கு, ஊதுகுழலுக்கு, தராசுக்கு, காட்மியம் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்கும் ஒரு பொட்டு. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நான் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பொரியும் கடலையும் அளந்துகொண்டிருந்தேன். நல்ல நாள் அன்று வேண்டாம் என்றும் ஒரு சாக்கு கிடைத்தது.

மத்தியானம் பேசினைத் தூக்கிக்கொண்டு பின்புறம் வந்தார். "பாப்பா, அந்தப் பக்கம் ஒரு கை புடி."

பிடிக்கவில்லை. "அங்க கொட்டாதீங்க அண்ணா."

"பின்ன? தெருவுலயா கொட்டறது? லட்சுமி பாப்பா."

"அண்ணா, அது விஷம்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். சொன்னேன். புழு, கீரை, அண்ணியின் எலும்பு, சிறுநீரகம் எல்லாவற்றையும். சொல்லும்போதே வகுப்பெடுப்பது போல என் குரல் நிதானமாக வந்தது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

பேசினை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அவரிடமிருந்து முதலில் வந்த கேள்வி, "அப்ப உள்ள உக்காந்து ஊதறாங்களே, அந்தப் புள்ளைங்க?"

"அவங்களுக்குப் புகையாவே உள்ள போகும் அண்ணா. அண்ணிக்கும் அப்படித்தான் பாதி போயிருக்கும்."

"இவள நாந்தான உக்கார வெச்சேன்." தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பிறகு, "உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?" என்றார். பாப்பா என்று கூப்பிடவில்லை.

"போன மாசக் கடைசியில. ரெண்டாவது தடவை பார்த்துத்தான் உறுதியாச்சு. உறுதியாகாமச் சொல்லக் கூடாதுன்னு..."

"ஆவணியிலயே தெரியுமுங்க அவளுக்கு."

பின்வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கோபம் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

"ஆவணி பொறந்து நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, ராத்திரி சாப்பாடு வேணாமுன்னா. அன்னியிலேர்ந்து கீரையத் தொடவே இல்ல. எஞ் சமையல்தான் புடிக்கலயோன்னு பூண்டு தட்டிப் போட்டேன். தேங்கா அரச்சு ஊத்துனேன். பாசிப்பருப்பு போட்டுப் பாத்தேன். தொடவே இல்ல." என்னைப் பார்த்தார். "எனக்குக் கேக்கத் தோணுச்சு கண்ணு. நீ படிச்ச புள்ள, காரணம் இருந்தா சொல்லியிருப்பியேன்னு இருந்துட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே போய் இந்த நோட்டைப் புரட்டினேன். தட்டுவடை. வயிறு மந்தம். டீ. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதும்போது எனக்குத் தெரியவில்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனால் என் கைக்குத் தெரிந்திருக்கிறது. தட்டில் எதை ஒதுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. லேபிள், டப்பா, உறுதி என்று நான் பேசிக்கொண்டிருந்த நாளெல்லாம் என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்து அவர் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டே.

அக்டோபர் 12, சனி

விஜயதசமியன்று அண்ணன் அடுப்பு மூட்டி ஒரு கொலுசாவது பற்றவைப்பார். இன்று மூட்டவில்லை. நான்கு பெண்களின் வீட்டுக்கும் அவரே நடந்துபோய், விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். காட்மியம் கலக்காத ஒட்டு கிடைக்கிறதா என்று தேடப் போகிறாராம். கிடைக்காவிட்டால் பட்டறை இல்லை என்றார். அவருக்குச் சொல்ல ஒரு நாள் போதுமாக இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

எட்வின் சாரிடம் ஆத்தூர்த் தோப்பு வேண்டாமென்று சொன்னேன். ஒப்பீட்டு மண்ணின் எண்கள் அப்படியே இருக்கட்டும், அதுதான் இனிமேல் ஆய்வு. டிசம்பர் தவறும் என்றார். தவறட்டும்.

பேசின் இன்னும் பின்புறத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

வெறும் பாத்தியில் மழை பெய்து புழுக்கள் மேலே வந்திருந்தன. நல்ல தடிமன். காக்கை கொத்த வந்தது, விரட்டினேன்.

ராத்திரி மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். ரசமும் உருளைக்கிழங்கும். அண்ணி எனக்குத்தான் முதலில் பரிமாறினார். பிறகு தன் தட்டிலும் போட்டுக்கொண்டு, பிசைந்து, கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, சாப்பிடலியா?"

"நீ சாப்புடு கண்ணு."

ஒரு வாய் எடுத்துப் போட்டு விழுங்கினேன். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார்.